புழுங்கல் அரிசி கற்பித்த பாடம்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கை வகுத்துரைக்கிறார். நோய் இன்னதெனத் தெளிய வேண்டும். அது தோன்றிய காரணத்தைக் காண வேண்டும். அதன் பின்னரே அதனைத் தீர்க்கும் வழியை நாட வேண்டும். ஆனால், மருத்துவ வரலாறு எப்போதும் இவ்வொழுங்கில் நடந்ததன்று. சில நோய்களுக்குத் தீர்வு முந்திக்கொண்டது. காரணம் பல்லாண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தது. பெரிபெரி என்னும் நோய் அத்தகையது. அதன் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி மலாயா மண்ணில் நிகழ்ந்தது என்பதும், அதற்குத் துப்புக் கொடுத்தவற்றுள் ஒன்று தமிழ்த் தொழிலாளரின் சோற்றுப்பானை என்பதும் நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகளாகும்.

வெள்ளை அரிசியும் வீங்கிய கால்களும்

பெரிபெரி கால்களில் தொடங்கும். முதலில் மரத்துப்போகும், பின்னர் வலுவிழக்கும். உட்கார்ந்தவன் எழ முடியாமல் தவிப்பான். சிலருக்குத் தசைகள் வற்றிக் கால்கள் குச்சியாகும். வேறு சிலருக்கு உடலில் நீர் கோத்துக் கால்கள் வீங்கும், மூச்சுத் திணறும், இறுதியில் இதயம் ஓய்ந்துவிடும். நேற்று வரை மண்வெட்டி பிடித்தவன் இன்று படுக்கையில் கிடப்பதும், சில நாட்களில் மாள்வதும் உண்டு.

இந்நோய் கிழக்காசியாவில் பழைமையானதே. எனினும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது காட்டுத்தீயாய்ப் பரவியதற்கு ஒரு புதிய காரணம் இருந்தது. நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் அக்காலத்தில் பெருகின. நெல்மணியின் உமிக்குக் கீழே மெல்லிய தவிட்டுத் தோலும், ஒரு நுனியில் முளைக்கருவும் உள்ளன. உரலில் குத்தினால் இவற்றுள் ஒரு பகுதி அரிசியோடு ஒட்டி நிற்கும். ஆலையோ இரண்டையும் அறவே நீக்கி, முத்துப்போன்ற வெள்ளை அரிசியைத் தந்தது. அவ்வரிசி பார்வைக்கு அழகியது. எளிதில் சிக்குவாடை அடிக்காது. கப்பலிலும் கிடங்கிலும் நெடுநாள் தாங்கும். எனவே, பெருங்கூட்டத்திற்குச் சோறு போட வேண்டிய இடங்களெல்லாம் அதனையே வாங்கின. படைவீடு, போர்க்கப்பல், சிறைச்சாலை, ஈயச் சுரங்கம், மனநோயாளர் விடுதி ஆகிய இடங்களில் வாழ்ந்தோர் தம் உணவைத் தாமே தேர்ந்துகொள்ள இயலாதவர்கள். பெரிபெரி அவர்களையே தேடிச் சென்று பிடித்தது.

ஜப்பானியக் கடற்படையின் பட்டறிவு இதற்கொரு சான்று. 1882ஆம் ஆண்டு இறுதியில் புறப்பட்ட ‘ரியூஜோ’ என்னும் கப்பலில் இருந்த 376 பேரில் 169 பேருக்கு இந்நோய் கண்டது. 25 பேர் இறந்தனர். கடற்படை மருத்துவர் தகாகி கனெஹிரோ உணவில் குறையிருப்பதாக ஐயுற்றார். 1884இல் அதே வழியில் சென்ற ‘சுக்குபா’ கப்பலில் சோற்றைக் குறைத்து இறைச்சி, பால் முதலியவற்றைக் கூட்டினார். அப்பயணத்தில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. புரதம் குறைந்ததே காரணம் என்று அவர் கருதியது பிழை. ஆயினும், தீர்வு பலித்தது. காரணத்திற்கு முன் தீர்வு வந்ததற்கு இது முதற்சான்று.

கோழிகள் சொன்ன செய்தி

நெதர்லாந்து அரசும் இந்நோயால் அல்லலுற்றது. அதன் கிழக்கிந்தியத் தீவுகளில் படைவீரர்கள் நூற்றுக்கணக்கில் விழுந்தனர். 1886இல் அரசுச் செலவில் ஓர் ஆய்வுக் குழு அனுப்பப்பட்டது. அது கிருமிகள் உலகையே அச்சுறுத்திய காலம். ஆகவே, குழுவினரும் கிருமியையே தேடினர். குழு திரும்பிய பிறகு, பத்தேவியாவில் நிறுவப்பட்ட சிறிய ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு 1888இல் கிறிஸ்தியான் எய்க்மான் என்னும் இளம் படைமருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் வளர்த்த கோழிகள் ஒரு நாள் தள்ளாடத் தொடங்கின. நோயூட்டிய கோழிகள் மட்டுமன்றி, நோயூட்டாத கோழிகளும் தள்ளாடின. சில மாதங்களில் அவை தாமே நலம் பெற்றன. எய்க்மான் வியந்து விசாரித்தார். இடைக்காலத்தில் அக்கோழிகளுக்குப் படை மருத்துவமனையில் மீந்த வெள்ளைச் சோறு போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரரோ, படைவீரரின் அரிசியைப் படையைச் சேராத கோழிகளுக்குப் போடலாகாது என்று மறுத்துவிட்டார். மீண்டும் மலிவான தீட்டாத அரிசி வந்தது. கோழிகள் எழுந்து நடந்தன. ஒரு சமையற்காரரின் கண்டிப்பு அறிவியலுக்கு வழி திறந்தது என்றால் மிகையன்று.

எய்க்மானின் நண்பர் வோர்டெர்மன் ஜாவா, மதுரா தீவுகளின் சிறைகளுடைய மருத்துவக் கண்காணிப்பாளர். அவர் 1896 அளவில் 101 சிறைகளின் கணக்கைத் திரட்டினார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் ஏறத்தாழ 39 பேருக்கு ஒருவர் நோயுற்றிருந்தார். தீட்டாத அரிசி வழங்கிய சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவரே நோயுற்றிருந்தார். இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? எனினும், எய்க்மான் மாவுச்சத்தில் ஏதோ நஞ்சு இருப்பதாகவும், தவிட்டில் அந்நஞ்சுக்கு மாற்று இருப்பதாகவும் எண்ணினார். நஞ்சு ஒன்றுமில்லை, உடலுக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று இல்லாமையே நோய் என்று 1901இல் எடுத்துரைத்தவர் அவருக்குப்பின் அப்பணியை ஏற்ற ஹெரிட் கிறைன்ஸ். ஒரு பொருள் இருப்பதால் அன்றி, இல்லாததாலும் நோய் வரும் என்பது அக்கால மருத்துவருக்கு விளங்காத கருத்தாயிருந்தது.

கோலாலம்பூரில் எழுந்த ஆய்வு நிலையம்

மலாயாவில் இந்நோய்க்கு மிகுதியாக இரையானோர் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர். அக்காலக் கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு வருவாயில் ஈயத்தின்மீது விதித்த ஏற்றுமதி வரியே முதன்மையானது. சுரங்கத் தொழிலாளி படுத்தால் கருவூலமும் படுக்கும். தலைமை ரெசிடென்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் ஒரு நோயியல் ஆய்வு நிலையத்தை நிறுவச் செய்தார். அதுவே பின்னர் மருத்துவ ஆய்வுக் கழகமாக வளர்ந்தது. அரசு அதனைத் தொடங்கியது அருளினால் மட்டும் அன்று. இலாபக் கணக்கும் அதில் இருந்தது. ஆயினும், அந்நிலையத்தின் செங்கல்லுக்குப் பணம் தந்தது மண்ணைத் தோண்டியவனின் வியர்வையே என்பதை மறத்தலாகாது.

நிலையத்தின் முதல் இயக்குநர் ஹேமில்டன் ரைட். அவரும் கிருமியைத் தேடினார். குடலில் புகும் ஒரு நுண்ணுயிரே பெரிபெரிக்குக் காரணம் என்று முடிவு கூறினார். அம்முடிவு நிலைக்கவில்லை. பொதுப் பணத்தில் நடந்த முதல் முயற்சி தோல்வியுற்றது எனினும், நிலையம் மூடப்படவில்லை; கேள்வியும் கைவிடப்படவில்லை. ஆய்வு என்பது தவற்றையும் தாங்கிக்கொண்டு நடக்கும் நெடும்பயணம். தனியொருவரின் கைப்பணம் அதற்குப் போதுவது அரிது.

மூன்று இனத்தார், மூன்று அரிசி

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய லெனர்டு பிராடன் ஓர் எளிய உண்மையை உற்று நோக்கினார். ஒரே நாட்டில், ஒரே வெயிலிலும் மழையிலும் மூன்று இனத்தார் வாழ்கின்றனர். மூவரும் அரிசிச் சோறே உண்கின்றனர். சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மடிகின்றனர். மலாய்க் கம்பத்தாரும் தமிழ்த் தொழிலாளரும் பெரும்பாலும் தப்புகின்றனர். ஏன்?

சீனத் தொழிலாளர் உண்டது ஆலையில் தீட்டி இறக்குமதியான வெள்ளைப் பச்சரிசி. கம்பத்து மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது உரலில் குத்தி உண்டனர். சஞ்சி முறையிலும் கங்காணி முறையிலும் வந்த தமிழ்த் தொழிலாளரோ, ஊர்ப் பழக்கத்தை விடாமல் புழுங்கல் அரிசியைக் கேட்டு வாங்கி உண்டனர். நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின்னரே குத்துவது புழுங்கல். அதன் நிறம் மங்கல். மணமும் அனைவருக்கும் ஏற்பதன்று. ஆனால், அதனை உண்டவரின் கால்கள் வீங்கவில்லை.

பிராடன் 1907இல் இது குறித்து ஒரு பெருநூல் வெளியிட்டார். பழைய வெள்ளை அரிசியில் நஞ்சு படிகிறது என்பது அவர் கொண்ட கருத்து. காரணத்தில் அவர் தவறினார். கண்டு குறித்ததில் தவறவில்லை.

ஈண்டு ஒன்றைத் தெளிவாக உரைத்தல் வேண்டும். தமிழ்த் தொழிலாளர் பெரிபெரிக்குத் தப்பினரேயன்றி, மலாயாவில் நலமாக வாழ்ந்தனர் என்பது பொருளன்று. காடு திருத்திய இடங்களில் மலேரியாக் காய்ச்சல் அவர்களைக் கூட்டங்கூட்டமாக வாரிச் சென்றது. ஒரு நோய்க்கு அரணாக நின்றது அவர்களின் சோறு. மற்றொன்றிற்கு அவர்களிடம் அரண் இல்லை.

எண்ணிப் பிரித்த வரிசை

கண்டு குறித்தது உண்மையா என்பதைச் சோதித்தறிய வேண்டியிருந்தது. கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பெரிபெரி கடுமையாகப் பரவிய நிலையில், 1905 டிசம்பரில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் பெற்றவர்களுக்கு வெள்ளைச் சயாம் அரிசி. இரட்டைப்படை எண் பெற்றவர்களுக்கு வங்காளப் புழுங்கல் அரிசி. மற்ற உணவில் வேற்றுமை இல்லை. இடத்தின் குற்றமோ என்னும் ஐயம் எழாதிருக்க, 1906ஆம் ஆண்டின் நடுவில் இரு பிரிவினரின் கூடங்களும் மாற்றப்பட்டன. ஆண்டு முடிவில் வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் பலர் நோயுற்று, 18 பேர் இறந்திருந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை.

அறிவியலுக்கு இது வெற்றி. ஆனால், அந்த 18 பேரை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சோதனைக்கு உடன்படுகிறீரா என்று அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தாலும் விடை கூறும் நிலையில் அவர்களுட் பலர் இல்லை. மனிதரை ஆய்வுக்கு உட்படுத்துமுன் அவர்தம் இசைவைப் பெற வேண்டும் என்னும் நெறி 1947இல் நியூரம்பர்க் தீர்ப்பிலும், 1964இல் எல்சிங்கி அறிக்கையிலும் உலகறிய வகுக்கப்பட்டது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவர்கள் ஒற்றைப்படை எண்களாகவே வரலாற்றில் நிற்கின்றனர்.

விடுதியில் கண்டதை வெளியிலும் உறுதிப்படுத்த ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும், தாமஸ் ஸ்டேன்டனும் முன்வந்தனர். 1907இல் நெகிரி செம்பிலானின் ஜெலெபு மாவட்டத்தில், துரியான் திப்புஸ் என்னும் காட்டுப் பகுதியில் சாலை அமைக்க வந்த 300 ஜாவானியத் தொழிலாளர் இரு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஓர் அணிக்கு வெள்ளை அரிசி. மற்றோர் அணிக்குப் புழுங்கல் அரிசி. ஏறத்தாழ மூன்று மாதங்களில் முதல் அணியில் பெரிபெரி தோன்றியது. இரண்டாம் அணியில் தோன்றவில்லை. பின்னர் உணவு மாற்றப்பட்டபோது நோயும் அணி மாறியது. பிரேசரும் ஸ்டேன்டனும் அத்துடன் நிற்கவில்லை. கோழிகளைக் கொண்டு தொடர்ந்து ஆராய்ந்து, காக்கும் பொருள் தவிட்டில் இருப்பதையும், அதனைச் சாராயக் கரைசலில் பிரித்தெடுக்கலாம் என்பதையும் நிறுவினர். வெள்ளை அரிசியை ஓயாது உண்பதற்கும் பெரிபெரிக்கும் தொடர்புண்டு என்று 1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு தீர்மானம் இயற்றியது.

உயிரணுவின் உள்ளே

தீர்வு கிடைத்தது, காரணம் இன்னும் பாதியே விளங்கியது. தவிட்டிலுள்ள பொருள் யாது? அது உடலுக்குள் என்ன தொழில் செய்கிறது?

1912இல் இலண்டனில் காசிமிர் பங்க் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ என்னும் பெயரைச் சூட்டினார். 1926இல் பத்தேவியாவின் அதே ஆய்வுக்கூடத்தில் யான்சன், டோனாத் ஆகிய இருவரும் அரிசித் தவிட்டிலிருந்து அதனைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். பல நூறு கிலோ தவிட்டிலிருந்து ஒரு சிட்டிகைக்கும் குறைவான படிகமே கிட்டியது. 1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. மணிலாவில் இளைஞராக இருந்தபோது 1910இல் தவிட்டுச் சாற்றை ஆராயத் தொடங்கிய ராபர்ட் வில்லியம்ஸ், 1936இல் அதன் வடிவத்தைக் கண்டு செயற்கையாகவும் ஆக்கிக் காட்டினார். ‘தயமின்’ என்றும், வைட்டமின் ‘பி1’ என்றும் அழைக்கப்படுவது அதுவே.

அது செய்யும் தொழிலை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ருடால்ப் பீட்டர்ஸ் புறாக்களைக் கொண்டு ஆராய்ந்தார். தீட்டிய அரிசி உண்ட புறாக்கள் கழுத்து பின்னோக்கி வளைந்து துடித்தன. அவற்றின் மூளைத் திசுவை எடுத்துச் சோதனைக் குழாயில் இட்டுப் பார்த்தபோது, அது நலமுள்ள திசுவைவிடக் குறைவான பிராணவாயுவையே ஏற்றது. அக்குழாயில் மிகச் சிறிதளவு தயமினைச் சேர்த்தவுடன் திசு மீண்டும் மூச்சுவிடுவதுபோல் பிராணவாயுவை ஏற்கத் தொடங்கியது! உயிரணு சிதையவில்லை, உருவம் மாறவில்லை, அதனுள் நடக்கும் வேதித்தொழில் ஒன்று மட்டும் தடைப்பட்டிருந்தது. பீட்டர்ஸ் 1931இல் இதனை ‘உயிர்வேதிப் பழுது’ எனப் பொருள்படும் தொடரால் குறித்தார். நுண்ணோக்கிக்குப் புலப்படும் சிதைவையே நோய் என்று கருதிய காலத்தில், கண்ணுக்குப் புலப்படாத பழுதும் நோயாகும் என்பது புதிய பார்வையாகும்.

அப்பழுது எவ்விடத்தது? சோறு செரித்துக் குளுக்கோசு ஆகிறது. உயிரணு குளுக்கோசை உடைத்துப் பைருவிக் அமிலமாக்குகிறது. அவ்வமிலம் இழைமணி எனப்படும் உயிரணுவின் அடுப்பிற்குள் புகுந்து எரிந்தால்தான் முழு ஆற்றலும் கிடைக்கும். அடுப்பின் வாயிலில் ஒரு நொதி காவல் நிற்கிறது. தயமினிலிருந்து உருவாகும் துணைப்பொருள் இன்றேல் அந்நொதி தொழிற்படாது. அத்துணைப்பொருள் இன்னதென்று 1937இல் ஜெர்மனியில் லோமன், ஷூஸ்டர் ஆகிய இருவரும் கண்டனர். வாயில் அடைபட்டால் பைருவிக் அமிலம் தேங்கும். இலாக்டிக் அமிலம் பெருகும். முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ 30 அலகு ஆற்றல் தரவல்ல குளுக்கோசு, வாயிலுக்கு வெளியே 2 அலகு மட்டுமே தரும். ஓயாது உழைக்கும் இதயமும், ஆற்றலை மிகுதியாக வேண்டும் நரம்பும் முதலில் தளர்கின்றன. வயிறு நிறையச் சோறு உண்டும் உயிரணு பட்டினி கிடக்கும் விந்தை இதுவே. விறகு மலையாய்க் குவிந்திருந்தும் அடுப்பு எரியாத வீட்டை இது ஒக்கும்.

புழுங்கல் அரிசியின் மறைபொருளும் இப்போது வெளிப்பட்டது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள தயமின் நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் ஊறிவிடுகிறது. பின்னர் ஆலை தவிட்டை நீக்கினாலும், உள்ளே புகுந்தது உள்ளேயே தங்குகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 1 மில்லிகிராம். உடலின் சேமிப்போ சில வாரங்களுக்கே போதும். இத்துணைச் சிறிய அளவின்மீதுதான் அத்தனை உயிர்களும் தொங்கிக்கொண்டிருந்தன.

அறிந்த பின்னும்

அறிந்ததனால் மட்டும் நோய் ஒழிந்துவிடவில்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் சிறைமுகாம்களிலும், சயாம் மரண இரயில் பாதையிலும் பெரிபெரி மீண்டும் தலைவிரித்தாடியது. ஊர்ப் பழக்கத்தால் ஒரு காலத்தில் அந்நோய்க்குத் தப்பிய தமிழ்த் தொழிலாளருள் பல்லாயிரவர் அப்பாதையில் காலராவாலும், மலேரியாவாலும், பட்டினியாலும் மாண்டனர். நோயின் காரணம் அன்று நூல்களில் இருந்தது. உணவோ அவர்தம் தட்டில் இல்லை. பின்னாளிலும் இந்நோய் வேறு உருவில் தொடர்கிறது. மிகுதியாகக் குடிப்போருக்கு உணவு குறைகிறது. உண்டதிலுள்ள தயமினையும் மது உடலில் சேரவிடுவதில்லை. அதனால் மூளை பழுதுற்று, நடையும் நினைவும் தடுமாறுகின்றன. குடியின் கேட்டை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர் இவ்வுயிரணுச் செய்தியையும் சேர்த்துரைத்தால் அறிவுரை ஆழமாய்ப் பதியும்.

இவ்வரலாறு தரும் பாடம் யாது? முன்னோர் புழுங்கல் அரிசி உண்டனர். ஆதலின் அவர்கள் வைட்டமினை அன்றே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவாரும் உளர். அது பொருந்தாது. அவர்கள் அறிந்தது செய்முறை, காரணம் அன்று. காரணம் அறியாத பழக்கம் காவலாக நிற்கும். ஆனால், பிறர்க்கு உதவாது. அண்டையில் சீனத் தொழிலாளி மடிந்துகொண்டிருந்தபோது, தன் பானையில் அவனுக்கு மருந்து இருப்பதைத் தமிழ்த் தொழிலாளி அறியான். அறிந்திருந்தால் ஒரு கவளம் கொடுத்திருப்பான். அதே வேளையில், பழக்கத்தை அறியாமை என்று தள்ளியிருந்தால் ஆய்வாளருக்கும் வழி பிறந்திராது. தோட்டத் தொழிலாளியின் தட்டை உற்று நோக்கிய கண்ணும், ஏன் என்று கேட்ட வாயும், நூறாண்டுக் கேள்விக்குப் பொறுமையுடன் செலவிட்ட பொதுப் பணமும் ஒன்றுகூடியபோதே பழக்கம் அறிவாக மாறிற்று. ஒரு வீட்டின் அறிவு உலகத்தின் உடைமையாயிற்று.

மலேசியாவின் மருத்துவ ஆய்வுக் கழகம் இன்றும் மக்களின் வரிப்பணத்தில் இயங்கி வருகிறது. அங்கே நுண்ணோக்கியின் முன் அமரும் இளைஞர்களுள் தமிழ்ப்பள்ளி மாணவரும் இடம்பெற வேண்டும். அதற்கான முதற்பாடத்தை வகுப்பறையில் ஒரு கைப்பிடி அரிசியைக் காட்டியே ஆசிரியர் தொடங்கலாம். ‘இது ஏன் வெள்ளையாக இருக்கிறது?’ என்று ஒரு மாணவன் கேட்பானாயின், அப்பாடம் நடந்தேறிவிட்டது எனலாம்.